கம்பெனி சர்வீஸா, நம்ம ஊர்ப் பட்டறையா?

போன வாரம் ராசிபுரத்திலிருந்து தங்கை மகன் போன் செய்தான். "மாமா, காருக்கு இன்னும் ஒரு வருசம் வாரண்டி இருக்குது. வெளிப் பட்டறையில பிரேக் பேடு மாத்துனா வாரண்டி போயிருமாமே, நெசமா?" போனில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். என்னிடம் படித்துப் பட்டறை வைத்திருப்பவர்களும் படியுங்கள்.

என் சின்ன வயதில் இந்தக் கேள்வியே கிடையாது. அம்பாசிடர், பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவ்வளவுதான் கார். கார்பரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டத் தெரிந்தவர் மெக்கானிக்.

நாமக்கல்லில் அந்த அறிவு லாரியிலிருந்து வந்தது. கேபின்கூட இல்லாத வெறும் சேசிஸைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு டிரைவர்கள் ஓட்டி வருவார்கள். கேபின், கதவு, தளம் எல்லாம் நம் ஆசாரிகளும் டிங்கர்களும் பெயிண்டர்களும் கட்டினார்கள். பாடி கட்டும் பட்டறையைச் சுற்றி லேத், பட்டை, ரேடியேட்டர், டீசல் பம்பு, எலக்ட்ரிக்கல் கடைகள் முளைத்தன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாட்டுக் காட்டில் நின்றுபோனாலும் அங்கேயே பிரித்து மாட்டியவர்கள் இவர்கள். வெளி மெக்கானிக் என்றால் இரண்டாந்தரம் என்று நம் ஊரில் யாரும் சொல்லக் கூடாது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 2000 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு நாடு முழுக்க இறுகியது. சில ஆண்டுகளில் புதுக் கார்களில் கார்பரேட்டர் காணாமல் போனது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6. இப்போது பழுதைச் சொல்வது சென்சார். அதைப் படிக்கும் மென்பொருளும் அசல் உதிரிபாகமும் பெரும்பாலும் கம்பெனி கையில்.

இது நியாயமா என்று 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒருவர் புகார் செய்தார். 2014 ஆகஸ்ட் 25-ல் உத்தரவு வந்தது. 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம்! உதிரிபாகமும் சோதனைக் கருவியும் வெளிப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும், வெளியே வேலை பார்த்ததற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது ஆணையம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மக்கள் 2012-லேயே இதற்காக ஓட்டுப் போட்டார்கள். நம் அரசு 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் திறந்தது. வாகனமும் அதில் ஒரு துறை.

என் அனுபவம் இரண்டு பக்கமும் உண்டு. ஒரு கம்பெனி சர்வீஸில் ஏ.சி. கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னார்கள். பழைய மாணவன் ஒருவன் பார்த்தான். எலி கடித்த ஒயர். 200 ரூபாயோடு போயிற்று (அதையும் வாங்க மறுத்தான்). அதே பையன், ஏர்பேக் விளக்கு எரிந்தபோது தொடவில்லை. "கத்துக்க மாட்டேன்னு இல்லீங்க சார், அதுக்குண்டான கருவி நமக்குக் கெடைக்கறதில்ல. நீங்க கம்பெனிக்கே போயிருங்க" என்றான். எட்டாம் வகுப்பில் கணக்கில் முதல் ஆள் அவன்.

மாப்பிள்ளை, பிரேக் பேடை வெளியே தாராளமாக மாற்று. அசல் பாகம் வாங்கு, பாகத்தின் எண் போட்ட பில் கேள், பத்திரமாக வை. அந்த வேலையால் வேறு ஏதாவது கெட்டால் அதற்கு வாரண்டி கேட்க முடியாது. என்ஜினும் எலக்ட்ரானிக்ஸும் ஒரு வருசத்துக்குக் கம்பெனியிலேயே இருக்கட்டும். வாரண்டி புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை வரும்போது எடுத்துவா, சேர்ந்து படிப்போம்.