ஒரு துளி இரத்தம் சொல்லும் செய்தி

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையை அறியாத மாணவர் தமிழ்நாட்டில் இரார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய அம்மலைமீது, காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மோட்டாரில் ஏறிவிடுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ கால்நடையாகவோ டோலியிலோதான் ஏற வேண்டும். சமவெளியில் வாழ்ந்தோர் அம்மலைக்குச் செல்ல அஞ்சியதற்கு வழியின் கடுமை மட்டும் காரணமன்று. அங்கே நிலவிய குளிர்காய்ச்சலும் ஒரு பெருங்காரணம்.

அக்காய்ச்சலுக்கு அஞ்சாமல் அங்கே குடியேறியவர்களுள் ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலப் பாதிரியாரும் அவர் மனைவியார் ஈவ்லினும் குறிப்பிடத் தக்கவர்கள். மலைமக்களுக்கு மருந்து கொடுப்பதும் எழுத்தறிவிப்பதும் அவர்கள் மேற்கொண்ட பணிகள். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட், 1914-இல் அம்மலையில் பிறந்த அவர்களுடைய மைந்தரே. பிறரின் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த ஜெஸ்ஸி பிராண்ட், 1929-இல் கருநீர்க் காய்ச்சலுக்கே இரையானார். மலேரியாவின் கொடிய விளைவுகளுள் ஒன்றாகிய அந்நோயில் இரத்தத்தின் சிவப்பணுக்கள் பெருமளவில் சிதைந்து, சிறுநீர் கறுத்து வெளிப்படும்.

காய்ச்சல் என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். மலேரியாவா, டைபாய்டா, வேறொன்றா என்று பிரித்தறிய முற்காலத்து மருத்துவர்க்கு இருந்த வழி, காய்ச்சல் வரும் முறையைக் கணக்கிடுவதே. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கத்துடன் வருவதை முறைக்காய்ச்சல் என்றனர். ஆனால் எல்லா மலேரியாவும் அப்படி முறை தவறாமல் வருவதில்லை.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் வழி 1880-ஆம் ஆண்டில் திறந்தது. அல்ஜீரியாவில் பணியாற்றிய லாவெரான் என்னும் பிரெஞ்சு ராணுவ மருத்துவர், நோயாளியின் இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, அதனுள் வாழும் மலேரியாக் கிருமியைக் கண்டார். எனினும் பலர் அதை உடனே நம்பவில்லை. நம்பாதவர்களுள் இந்தியாவில் மருத்துவராயிருந்த ரொனால்டு ராஸும் ஒருவர்! தாம் தேடியும் கிருமி அகப்படாமையால், அப்படி ஒன்று உண்டா என்றே அவர் ஐயுற்றார். 1894-இல் இலண்டனில் பாட்ரிக் மான்சன் என்னும் அறிஞர் அதை அவருக்கு நேரே காட்டினார். அதன் பின்னரே ராஸின் தேடல் நேர்வழிப்பட்டது. 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். 1902-இல் நோபல் பரிசும் பெற்றார்.

இவ்வரலாற்றை மாணவர்கள் நன்கு சிந்திக்க வேண்டும். ராஸ் இரத்தத்தில் ஒன்றும் காணாத நாள்களிலும் கிருமி உலகில் இருக்கத்தான் இருந்தது. "காணவில்லை" என்பது வேறு. "இல்லை" என்பது வேறு. மருத்துவச் சோதனைக்குச் செல்லும் நோயாளி முதலில் அறிய வேண்டியது இவ்வேறுபாடே.

மலேரியாச் சோதனையில் நிகழ்வது என்ன? விரல் நுனியைத் துடைத்து ஊசியால் குத்துகிறார்கள். எறும்பு கடித்த அளவே வலி. வெறும் வயிற்றுடன் இருக்க வேண்டியதில்லை. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தை ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் பூசி உலர்த்திச் சாயமேற்றுகிறார்கள். தடித்த பூச்சில் இரத்தம் மிகுதியாதலால் கிருமி உண்டா என்பது எளிதில் தெரியும். மெல்லிய பூச்சில் அது எவ்வகைக் கிருமி என்பது தெளிவாகும். மருந்து உண்ணுமுன் இரத்தம் கொடுப்பது நலம். ஏனெனில் அரைகுறையாக உண்ட மருந்தும் கிருமிகளைக் குறைத்து மறைத்துவிடும். முதல் முறை ஒன்றும் தெரியாவிடினும் காய்ச்சல் நீடித்தால், அடுத்தடுத்த நாள்களில் மீண்டும் இரத்தம் கேட்பார்கள். அதை அலைக்கழிப்பு என்று எண்ணலாகாது.

நம் நாட்டில் 1953-இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. காய்ச்சல் கண்டவரைத் தேடி ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று இரத்தத் தகடுகளைத் திரட்டினர். 1960-களின் நடுவில் நோய் ஓர் இலட்சம் அளவுக்குக் குறைந்தது. ஆயின் கண்காணிப்புத் தளர்ந்தமை முதலிய காரணங்களால், 1976-இல் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரை மீண்டும் பற்றியது. ஊருக்கும் உடலுக்கும் இவ்விதி ஒன்றே: ஒரு முறை நோய் காணாமற் போயிற்று என்பதனால் பார்ப்பதையே விட்டுவிடக் கூடாது.

இன்று, பூதக்கண்ணாடி இல்லாத சிற்றூரிலும் கால் மணி, அரை மணி நேரத்தில் விடை தரும் சோதனை அட்டை வந்துள்ளது. அது கிருமியை நேரே காட்டுவதில்லை. கிருமி வெளியிடும் புரதத்தை அறிந்து கோடு காட்டுகிறது. சில அட்டைகள் நோய் தீர்ந்த பின்னும் சில வாரங்கள் கோடு காட்டக்கூடும். ஆகவே, "இல்லை" என்ற விடையைப் போலவே "உண்டு" என்ற விடையையும் மருத்துவர் நோயாளியின் நிலையோடு பொருத்தியே பார்க்க வேண்டும்.

பிற சோதனைகளுக்கும் காலமும் முறையும் உண்டு. யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் நம் நாட்டில் பெரும்பாலும் இரவிலேயே வெளி இரத்தத்தில் உலவுவதால், நள்ளிரவை ஒட்டி இரத்தம் எடுப்பார்கள். டைபாய்டுக்குரிய வைடால் சோதனை நோயின் முதல் வாரத்தில் பெரும்பாலும் பயன் தராது. காசநோய்க்கு உமிழ்நீர் போதாது. நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். நீரிழிவுக்குரிய ஒருவகைச் சோதனைக்கு வெறும் வயிறு வேண்டும்.

ஆதலின், சோதனைக்குச் செல்லும்போது மூன்று வினாக்களைத் தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். இது எதை அறிவதற்கு? எப்போது, எவ்வாறு வர வேண்டும்? முடிவில் ஒன்றும் தெரியாவிடில் அடுத்து என்ன? உண்ட மருந்துகளையும் காய்ச்சல் தொடங்கிய நாளையும் மறையாமல் சொல்லுங்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத முதியோர் இருந்தால், அவர்களுக்குத் துணையாகச் சென்று இவற்றைக் கேட்டறிந்து சொல்வது கற்ற பிள்ளைகளின் கடமை. காய்ச்சலுக்கு அஞ்சி ஏறாதிருந்த மலையில் இன்று ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே கிடைக்கும் அறிவைக் கேட்டுப் பெறுவது நம் கையில் இருக்கிறது.