பேபி சரோஜா: மூன்று படம், ஆயிரம் பெயர்

தஞ்சாவூர், கும்பகோணம், காரைக்கால் பக்கம் எந்தத் தெருவில் போய் விசாரித்தாலும் ஒரு சரோஜா பாட்டி இருப்பார், இல்லை இருந்திருப்பார். 1937-க்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடங்களில் பிறந்த பெண்களிடையே அந்தப் பெயர் அவ்வளவு சகஜம். சரோஜா என்றால் தாமரை. பழைய பெயர்தான், யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. ஆனால் திடீரென்று அத்தனை வீடுகளில் அந்தப் பெயரை வைத்ததற்குக் காரணம் ஒரு சினிமாக் குழந்தை. அதுவும் ஆறு வயதுக் குழந்தை!

நடிகர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது இன்று பெரிய விஷயமே இல்லை. அன்று அப்படி இல்லை. சினிமா என்றாலே முகம் சுளித்த காலம். சினிமாவில் நடிக்கும் பெண்களைப் பற்றி வீட்டுக் கூடத்தில் பேசக்கூட மாட்டார்கள். அந்தக் காலத்தில், அந்த மாதிரி வீடுகளிலேயே, பெற்ற பெண்ணுக்கு ஒரு சினிமா நட்சத்திரத்தின் பெயரை ஆசையாக வைத்தார்கள் என்றால் அந்தக் குழந்தையிடம் என்னதான் இருந்தது? பேபி சரோஜா அழகாகச் சிரித்தார், ஆடினார், மழலையில் பாடினார் என்று மட்டும் சொன்னால் போதாது. அவர் எந்த ஊர்க்காரர்கள் முன்னால், எந்தக் காலத்தில் திரையில் வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அதற்குக் காரைக்காலில் இருந்து தொடங்குவது நல்லது.

கும்பகோணம் வழியாக வரும் அரசலாறு காரைக்காலில் கடலில் கலக்கிறது. 1930களில் இந்த ஆற்றங்கரையோடு கிழக்கே நடந்தால் ஓர் இடத்தில் பிரிட்டிஷ் இந்தியா முடிந்து பிரெஞ்சு இந்தியா தொடங்கிவிடும். 1739-லிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களுடையது. 1954 நவம்பர் 1 வரை அப்படித்தான் இருந்தது. சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா. வயல் அதே வயல், பேச்சு அதே பேச்சு, சொந்தபந்தம் இரண்டு பக்கமும் உண்டு. சட்டம் மட்டும் வேறு.

இந்த வித்தியாசம் ஒரு காரியத்துக்கு ரொம்பவே உதவியது: குழந்தைக் கல்யாணம். ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929 செப்டம்பரில் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்குக் குறைந்தது 14 வயது, ஆணுக்கு 18 என்றது சட்டம். இடையில் கிடைத்த ஆறு மாதத்தில் நாடு முழுக்க அவசர அவசரமாகக் கல்யாணங்கள் நடந்தன. அமலுக்கு வந்த பிறகும் வழி இருந்தது. பிரிட்டிஷ் சட்டம் செல்லாத சமஸ்தானத்துக்கோ பிரெஞ்சு எல்லைக்கோ போய்த் தாலி கட்டிவிட்டுத் திரும்பிவிடலாம். காவிரிப் படுகைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிரெஞ்சு மண் காரைக்கால்தான். இந்த ஓட்டையை அடைக்க 1938-ல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. பிரிட்டிஷ் பிரஜைகள் எல்லைக்கு வெளியே போய்ச் செய்தாலும் குற்றம் குற்றமே என்று சேர்த்தார்கள்.

ஏழு எட்டு வயதில் கல்யாணம் என்றால் பத்து வயதில் விதவை ஆகும் ஆபத்தும் கூடவே வரும். காய்ச்சலும் காலராவும் ஆளைக் கேட்டுக்கொண்டா வந்தன? சகோதரி சுப்புலட்சுமி தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, பதினோரு வயதிலேயே கல்யாணம் ஆகி, சீக்கிரமே கணவனை இழந்தவர். அவருக்குப் படிக்க வைக்கிற தகப்பனார் கிடைத்தார். அவர் பட்டம் வாங்கி, தன்னைப் போன்ற சிறுமிகளுக்காகச் சென்னையில் விடுதியே தொடங்கினார். ஆனால் எல்லாருக்கும் அந்தத் தகப்பனார் கிடைக்கவில்லையே. பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது மொட்டைத் தலையும், நார்மடிப் புடவையும், வீட்டின் பின்கட்டும்தான்.

இந்தப் படுகையில்தான், பாபநாசத்தில், 1904-ல் கே. சுப்ரமண்யம் பிறந்தார். வக்கீலுக்குப் படித்தவர். மௌனப்பட காலத்தில் ராஜா சாண்டோவோடு பழகி சினிமாவுக்கு வந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் முதன்முதலில் திரையில் தோன்றிய 'பவளக்கொடி' (1934) அவர் இயக்கியதுதான். (இன்றைய தலைமுறைக்கு ஓர் உபரித் தகவல்: இசையமைப்பாளர் அனிருத்துக்கு இவர் கொள்ளுத்தாத்தா முறை. நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமண்யம் இவருடைய மகள்.) புராணப் படம் எடுத்தால் பணம் வரும் என்று தெரிந்தும், 1937-ல் அவர் சமூகப் படம் ஒன்றைக் கையில் எடுத்தார். அதுதான் 'பாலயோகினி'.

கதை இன்று கேட்டாலும் கொஞ்சம் துணிச்சலானதுதான். வீட்டை விட்டுத் துரத்தப்படும் ஒரு பிராமண விதவையும் அவளோடு இருக்கும் சிறுமியும், தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட வேலைக்காரர் ஒருவரின் வீட்டில் தஞ்சம் அடைகிறார்கள். அவர் இறந்துபோன பிறகு அவருடைய பிள்ளைகளையும் அந்த விதவையே தன் பிள்ளைகளாக வளர்க்கிறாள். ஊர் பொறுக்குமா? வீட்டைக் கொளுத்துகிறது. கடைசியில் பெரியவர்களை மடக்கிக் கேள்வி கேட்டு அவர்கள் மனதை மாற்றுவது அந்தச் சிறுமி. அவள்தான் பாலயோகினி. அந்த வேடத்துக்கு சுப்ரமண்யம் வெளியே எங்கும் ஆள் தேடவில்லை. தம்பி விஸ்வநாதனின் மகள் சரோஜாவையே நடிக்க வைத்தார்.

இதில் இன்னொரு காரியமும் செய்தார். விதவை வேடம் ஒன்றுக்கு உண்மையிலேயே விதவையான ஒரு பிராமணப் பெண்ணைக் கொண்டுவந்து நடிக்க வைத்தார். தஞ்சாவூர் வைதீகர்கள் கூட்டம் போட்டு அவரை சாதிப்பிரஷ்டம் செய்தார்கள். படம் என்னவோ ஓடிக்கொண்டேதான் இருந்தது!

இங்கேதான் சரோஜாவின் மகிமை. விதவையும் தீண்டாமையும் பற்றி ஒரு தலைவர் மேடையில் பேசினால் வைதீகர் எழுந்து சாஸ்திரம் காட்டிப் பதில் சொல்வார். ஒரு வாலிபன் பேசினால் "அதிகப்பிரசங்கி" என்று வாயை அடைப்பார்கள். ஆறு வயதுக் குழந்தை "ஏன்?" என்று கேட்டால் என்ன செய்வது? கோபித்துக்கொள்ளக்கூட முடியாது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பல பேர் வீட்டில் அந்த வயதுப் பெண் இருந்தது. சில வீடுகளில் அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வயதுப் பெண் கல்யாணப் பெண்ணாக இல்லாமல், வெறும் குழந்தையாக, ஓடி ஆடி வாய் ஓயாமல் பேசுகிறவளாகத் திரையில் இருப்பதை அவர்கள் பார்த்தார்கள். பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதன் அடையாளம்தான் அந்தப் பெயர். சாதிப்பிரஷ்டம் ஆன இயக்குநரின் படத்தில் வந்த குழந்தையின் பெயரைத் தங்கள் பெண்ணுக்கு வைத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பத்திரிகைகள் சரோஜாவை இந்தியாவின் ஷர்லி டெம்பிள் என்று கொண்டாடின. ஹாலிவுட்டில் ஷர்லி டெம்பிள் 1935-லிருந்து 1938 வரை வசூலில் முதலிடத்தில் இருந்த நட்சத்திரம். ஒப்பிட்டது விளம்பரத்துக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஷர்லி பொருளாதார மந்தத்தில் துவண்டிருந்த அமெரிக்கர்களைச் சிரிக்க வைத்தார். சரோஜா செய்தது கொஞ்சம் கடினமான வேலை. சிரிக்க வைத்துக்கொண்டே தலைகுனியவும் வைத்தார். சுருட்டை முடியைத் தவிர இரண்டு பேருக்கும் பெரிய ஒற்றுமை ஒன்றும் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது படம் 'தியாக பூமி', 1939 மே 20-ல் வெளியானது. கல்கி எழுதிய கதை. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதே ஓவியத்துக்குப் பதில் படத்தின் புகைப்படங்களைப் போட்டார்கள். அதனால் சரோஜாவின் முகம் கொட்டகைக்கே போகாத வீடுகளுக்கும் வாரா வாரம் போய்ச் சேர்ந்தது. அவர் பெயர் பரவியதில் விகடனுக்கும் பங்கு உண்டு. கதையில் அவர் சாரு. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி பெற்ற குழந்தையைத் தன் அப்பா சம்பு சாஸ்திரியிடமே விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். பேத்தி என்று தெரியாமலே சாஸ்திரி அவளைக் குப்பத்தில் வளர்க்கிறார். சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன், சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி. பெரிய பணக்காரியாகத் திரும்பி வரும் சாவித்திரி, சேர்ந்து வாழச் சொல்லி வழக்குப் போடும் கணவனிடம், வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிற கட்டம்தான் எல்லோரும் சொல்வது. சொல்ல வேண்டியதுதான். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது தாத்தாவும் பேத்தியும் வருகிற காட்சிகள். பாபநாசம் சிவன் தொழில்முறை நடிகர் இல்லை, சாகித்யகர்த்தா. அந்தப் பெரியவரிடமிருந்து இயல்பாக நடிப்பு வர வைத்ததில் பாதி, எதிரில் நின்ற எட்டு வயதுக் குழந்தையின் வேலை என்று தோன்றுகிறது.

1939 அக்டோபரில் ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்தது. அதன் பிறகு பிரிட்டிஷ் சர்க்கார் 'தியாக பூமி'யைத் தடை செய்தது. தடை வருகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் எல்லாரும் இலவசமாகப் பார்க்கலாம் என்று சுப்ரமண்யமும் எஸ்.எஸ். வாசனும் அறிவித்துவிட்டார்கள். கூட்டம் அலைமோதியது, போலீஸ் உள்ளே புகுந்து தடியடி நடத்தியது. சர்க்கார் தடை செய்யும் அளவுக்கு ஆபத்தான படத்தில் நடித்த பெருமை எத்தனை குழந்தை நட்சத்திரங்களுக்கு உண்டு?

மூன்றாவது, 1941-ல் வந்த 'காமதேனு'. இயக்கியவர் நந்தலால் ஜஸ்வந்த்லால். அதோடு முடிந்தது. பத்து வயதில் சரோஜா சினிமாவை விட்டு விலகிவிட்டார். பெரியவளானதும் கதாநாயகியாகத் திரும்பி வரவும் இல்லை.

ரசிகர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆனால் குழந்தை நட்சத்திரங்களின் சரித்திரத்தைப் புரட்டினால் இது நல்ல முடிவு என்று புரியும். சாப்ளினின் 'தி கிட்' (1921) படத்தில் உலகத்தையே அழவைத்த ஜாக்கி கூகன், வளர்ந்து பார்த்தபோது சம்பாதித்த பணத்தைத் தாயாரும் மாற்றாந்தந்தையும் செலவழித்திருந்தார்கள். 1938-ல் வழக்குப் போட்டும் கொஞ்சம்தான் கிடைத்தது. அந்த வழக்கினால்தான் 1939-ல், 'தியாக பூமி' வந்த அதே வருடம், குழந்தை நடிகர்களின் வருமானத்தைப் பாதுகாக்கக் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. ஷர்லி டெம்பிள் 22 வயதில் சினிமாவை விட்டு, பிறகு கானாவிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் அமெரிக்கத் தூதராக இருந்தார். நம்மூரில் 'பாலயோகினி'யில் சிறுமியாக நடித்த இன்னொருவர், ஆர். பாலசரஸ்வதி, பின்னாளில் பின்னணிப் பாடகியாகப் புகழ் பெற்றார். அதே முப்பதுகளில் குழந்தையாக நடிக்க வந்த குமாரி ருக்மணி 'ஸ்ரீ வள்ளி' (1945) படத்தின் கதாநாயகி ஆனார். அவருடைய மகள் லட்சுமிதான் 1973-ல் ஏ.பி. நாகராஜனின் 'காரைக்கால் அம்மையார்' படத்தில் காரைக்காலின் புனிதவதியாக நடித்தவர். கணவன் விட்டுவிட்டுப் போன பெண்ணின் கதை அது. சாவித்திரியின் கதையை நினைத்துக்கொண்டு பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

சரோஜா இந்த எந்த வழியிலும் போகவில்லை. கல்யாணம் செய்துகொண்டு, சரோஜா ராமாமிர்தமாக, விளம்பரம் இல்லாத ஒரு சாதாரண வாழ்க்கை வாழ்ந்தார். 2019 அக்டோபரில் சென்னையில் காலமானபோது அவருக்கு வயது 88. அவருடைய பெயரை வைத்துக்கொண்டவர்களும் அதற்குள் எண்பதை நெருங்கியிருந்தார்கள், தாண்டியும் இருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் பெயர் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

'தியாக பூமி'யின் பிரதி புணேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒலி கரகரக்கும், படம் அங்கங்கே குதிக்கும். சாரு வரும் இடங்களை மட்டுமாவது பார்க்கலாம். வீட்டில் ஒரு சரோஜா பாட்டி இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.