பிரிக்க வேண்டாத நோய்



மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியை அடுத்து நாலந்தா என்னும் சிற்றூர் உள்ளது. பீகாரிலே பெரும் கல்விக்கூடத்தால் புகழ்பெற்ற நாலந்தா வேறு. இது நம் நாட்டு நாலந்தா. இங்கே கெடிகே என்ற பழைய கற்றளி ஒன்று நிற்கிறது. திராவிடக் கோயிற்கலை முறையில் எழுந்த பௌத்த ஆலயம் அது. போவத்தென்னை நீர்த்தேக்கம் அமைந்தபோது, அது நீரில் மூழ்காதவாறு அதன் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து மேட்டு நிலத்தில் மீண்டும் கட்டினார்கள். பிரித்தார்கள், ஆயினும் சேர்ப்பதற்காகவே பிரித்தார்கள்.

நோயின் வரலாற்றிலோ மனிதன் நெடுங்காலம் பிரிப்பதை மட்டுமே அறிந்திருந்தான். தொழுநோயாளரை ஊருக்கு வெளியே வைத்தான். காசநோயாளரைச் சானடோரியத்துக்கு அனுப்பினான். எச்.ஐ.வி. தொற்றியவருக்கோ வீட்டுக்குள்ளேயே தனித் தட்டும் தனிப் பாயும் கொடுத்து ஒதுக்கினான். இந்தப் பிரிவு தேவைதானா? இவ்வினாவுக்கு ஆராய்ச்சி விடை கண்ட வரலாற்றில் சென்னைக்கு இருமுறை இடமுண்டு. அவ்வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

முதல் விடை காசநோயைப் பற்றியது. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கே 193 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கினர். ஒரு சாரார் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர் நெருக்கடி மிகுந்த தம் எளிய வீடுகளிலேயே இருந்தனர். மருந்து இருவருக்கும் ஒன்றே; காலம் ஓராண்டு. 1959ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. வீட்டிலிருந்தவரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தனர். அதனினும் முக்கியமானது, அவருடன் வாழ்ந்த மனைவி மக்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்பதாகும். மருந்து ஒழுங்காகச் சேருமாயின், காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று உலகம் அறிந்தது.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் மேற்பார்வையில், செல்லப்பன் நிர்மலா என்னும் இளம் மருத்துவ மாணவி ஓர் ஆய்வை மேற்கொண்டார். எயிட்ஸ் அயல்நாட்டு நோய், அது இந்தியாவில் இல்லை என்று பலர் நம்பியிருந்த காலம் அது. நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோது, ஆறு பெண்களின் இரத்தத்தில் தொற்று இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட முதல் நிகழ்ச்சி இதுவே. சுனிதி சாலமன் 1993ஆம் ஆண்டு வொய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, 2015ஆம் ஆண்டு மறையும்வரை இந்நோயாளருக்கே உழைத்தார்.

இந்நோய்க்கு முதல் மருந்து 1987ஆம் ஆண்டு வந்தது. பல மருந்துகளை ஒன்றுசேர்த்து வழங்கும் முறை 1996ஆம் ஆண்டளவில் வேரூன்றி, மரணத்தைப் பின்னே தள்ளியது. 2004ஆம் ஆண்டு இந்திய அரசு இம்மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, ஒரு காலத்தில் காசநோய்ச் சானடோரியமாயிருந்த தாம்பரம் மருத்துவமனையும் அந்த முதல் நிலையங்களுள் ஒன்றாயிற்று.

மருந்து நோயாளியைக் காக்கிறது. அவருடைய துணையையும் காக்குமா? இதை அறிய ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியர் ஓர் ஆய்வுக்கு முன்வந்தனர். ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. சென்னையில் அவ்வாய்வை நடத்தியது சுனிதி சாலமனின் நிறுவனமே. ஒரு சாராருக்கு உடனே மருந்து தரப்பட்டது. மற்றொரு சாராருக்கு, நோயெதிர்ப்பு அணுக்கள் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த பின்னரே தரப்பட்டது. அக்காலத்து மருத்துவ வழக்கம் பெரும்பாலும் அவ்வாறே இருந்தது. ஆலோசனையும் ஆணுறையும் எல்லோருக்கும் உண்டு.

2011ஆம் ஆண்டு, ஆய்வைக் கண்காணித்த தனிக்குழு முடிவை உடனே வெளியிடுமாறு கூறியது. துணையிடமிருந்தே தொற்றியது என்று வைரசின் மரபணுவை ஒப்பிட்டு உறுதிசெய்யப்பட்டவர் 28 பேர். அவருள் 27 பேர் மருந்துக்காகக் காத்திருந்த கூற்றினர்; உடனே மருந்து பெற்ற கூற்றில் ஒருவரே. நூற்றுக்கு 96 பங்கு பாதுகாப்பு! காத்திருந்த அனைவருக்கும் மருந்து வழங்க ஏற்பாடாயிற்று. பின்னர் நடந்த பிற ஆய்வுகள், மருந்தால் இரத்தத்தில் வைரஸ் சோதனைக்குத் தென்படாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை என்பதை நிலைநாட்டின.

அந்த 27 பேரை நாம் மறத்தலாகாது. அவர்களின் பெயரை நாம் அறியோம். அறிய வேண்டியதும் இல்லை. இன்று ஒரு கணவனும் மனைவியும் அச்சமின்றி ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள் என்றால், அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களும் அவர்களைப் போல் ஆய்வுக்கு உடன்பட்ட ஆயிரக்கணக்கானோருமே.

ஆராய்ச்சி இன்றும் ஓயவில்லை. சென்னையில் 2006ஆம் ஆண்டு தடுப்பூசி ஒன்று சோதிக்கப்பட்டது. ஆயினும் வெற்றி கண்ட தடுப்பூசி உலகில் இன்னும் இல்லை. மறுபுறம், 2024ஆம் ஆண்டு ஆப்பிரிக்க இளம்பெண்களிடையே நடந்த ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடும் லெனகபாவிர் என்னும் ஊசியைப் பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லை. 2025ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதனைப் பரிந்துரைத்தது.

நம் இலங்கையும் பின்தங்கிவிடவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றளித்தது. கர்ப்பவதிகளைத் தவறாது சோதித்ததன் பயன் அது. இரத்தச் சோதனையும் மருந்தும் அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருக்கிறது. மருந்தால் அடங்கும் வைரஸ் அயலவரின் ஏளனத்தால் மீண்டும் எழக்கூடும். ஊராருக்கு அஞ்சிச் சோதனைக்குப் போகாதவர் மருந்தையும் இழக்கிறார். மருந்தை இழந்தவரின் துணையும் பாதுகாப்பை இழக்கிறார். ஒதுக்கிவைத்தால் நோய் குறையும் என்றெண்ணியது பழைய மயக்கம். சேர்த்துக்கொண்டால்தான் நோய் குறையும் என்பது கணக்கிட்டுக் கண்ட உண்மை.

நாலந்தாவில் பெயர்த்த கற்களை மீண்டும் சேர்த்துவிட்டார்கள். அச்சத்தால் நாம் பிரித்துவைத்த மனிதரை மீண்டும் சேர்க்கும் பணி நம்முடையது.