மன்ரோ ஃபிரீட்மன்

மன்ரோ ஃபிரீட்மன் (1928–2015) அமெரிக்க வக்கீல், சட்டப் பேராசிரியர். கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக நிற்கும் வக்கீலின் கடமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் விசாரணையைத் தமது வாழ்நாட் பணியாகக் கொண்டவர்; அதுவரை சங்கச் சுற்றறிக்கைகளிலும் சம்பிரதாயப் பேச்சுகளிலும் அடங்கிக் கிடந்த வக்கீல் தொழில் தர்மத்தைச் சட்டக் கல்வியில் தனித்துறையாக நிலைபெறச் செய்தவர்களுள் முக்கியமானவர்.

வாழ்க்கை

நியூயார்க் மாநிலத்து மவுண்ட் வெர்னன் நகரில் 1928 ஏப்ரல் 10ஆம் தேதி பிறந்த இவர், ஹார்வர்ட் சர்வகலாசாலையில் 1951இல் இளங்கலைப் பட்டமும், 1954இல் சட்டப் பட்டமும், 1956இல் சட்டத்தில் உயர் பட்டமும் பெற்றார். 1958 முதல் 1973 வரை வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் சர்வகலாசாலையில் சட்டம் போதித்தார். அக்காலத்தில் குடிமை உரிமை இயக்கங்களுக்கும், தன்பால் விருப்பினரின் உரிமைக்காக அத்தலைநகரில் முதன்முதலாகக் குரலெழுப்பிய மாட்டச்சைன் சங்கத்துக்கும் சட்ட ஆலோசனை வழங்கினார். 1973இல் நியூயார்க் லாங் ஐலண்டில் உள்ள ஹாஃப்ஸ்ட்ரா சட்டக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்று 1977 வரை வகித்த அவர், பின்னரும் பல்லாண்டுகள் அங்கேயே ஆசிரியராக இருந்தார். யூதப் படுகொலையை நினைவுகூர அமெரிக்க அரசாங்கம் அமைத்த குழுவின் முதல் நிர்வாக இயக்குநராகவும் சில காலம் கடமையாற்றினார்.

மூன்று வினாக்கள்

1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வாஷிங்டன் வக்கீல்கள் கூடியிருந்த சபையில், கிரிமினல் வக்கீலுக்கு நேரும் மிகக் கடினமான மூன்று தர்மசங்கடங்களை அவர் எடுத்துரைத்தார். உண்மையே சொல்லுகிறார் என்று தெரிந்த சாட்சியைக் குறுக்கு விசாரணையில் நம்பத் தகாதவராகக் காட்டலாமா? பொய் சொல்லப் போகிறார் என்று அறிந்தும் கட்சிக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாமா? சட்டத்தை விளக்கிச் சொன்னால் அவ்வறிவே அவரைப் பொய் சொல்லத் தூண்டக்கூடும் என்று தோன்றும்போது விளக்கலாமா? இம்மூன்றுக்கும், சில வரம்புகளுக்கு உட்பட்டு, 'ஆம்' என்பதே அவருடைய விடை. அவ்வுரை அதே ஆண்டில் மிச்சிகன் சட்ட இதழில் கட்டுரையாக வெளிவந்தது.

முதல் வினாவுக்கு அவர் கற்பித்த உதாரணம் அவருடைய முறையை நன்கு காட்டும். வாஷிங்டனில் பதினாறாம் தெருவும் பி தெருவும் சந்திக்கும் இடத்தில் இரவு பதினோரு மணிக்கு ஒரு கொள்ளை நடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி. ஆனால் 10:55 மணிக்குப் பதினைந்தாம் தெரு முனையில், கொள்ளை நடந்த இடத்தை விட்டு விலகி நடந்துகொண்டிருந்ததை வக்கீலிடம் ஒப்புக்கொள்கிறார். பிராசிகியூஷன் தரப்பின் முதற் சாட்சி, கபடமின்றியே, ஆனால் தவறாக, அவரைக் கொள்ளையர் என்று அடையாளம் காட்டுகிறார். இரண்டாவது சாட்சி மூக்குக்கண்ணாடி அணிந்த, சற்றுப் பதற்றமுள்ள ஒரு முதிய பெண்மணி. அந்நேரத்தில் அந்த முனையில் குற்றம் சாட்டப்பட்டவரைக் கண்டதாக அவர் சொல்வது முழுவதும் மெய். ஆயினும் அந்த மெய், முதற் சாட்சியின் பிழைக்குத் துணைபோய், குற்றமற்ற ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிடும். அப்பெண்மணியின் பார்வைக் குறைவையும் மனக்குழப்பத்தையும் ஜூரிகளின் முன் வெளிப்படுத்த வக்கீல் கடமைப்பட்டவரா என்று ஃபிரீட்மன் கேட்டார். கடமைப்பட்டவரே என்றும், அதைச் செய்யத் தயங்குபவர் தம் கட்சிக்காரர் உண்மையை நம்பிச் சொன்னதற்காகவே அவரைத் தண்டிப்பவராவார் என்றும் வாதித்தார்.

இரண்டாவது வினாவுக்கான விடைக்கு அவர் காட்டிய காரணம், அமெரிக்க வக்கீல்மீது சுமத்தப்பட்ட மூன்று விதிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதாகும். வழக்கின் சகல விவரங்களையும் வக்கீல் அறிந்துகொள்ள வேண்டும். அறிந்ததை ரகசியமாகக் காக்க வேண்டும். நீதிமன்றத்திடம் ஒளிவு மறைவின்றி நடக்க வேண்டும். கட்சிக்காரர் பொய்ச்சாட்சி சொல்லத் துணிந்த தருணத்தில் மூன்றையும் ஒருசேர நிறைவேற்ற எவராலும் இயலாது. வழக்கிலிருந்து விலகிக்கொண்டாலோ, கட்சிக்காரர் அடுத்த வக்கீலிடம் உண்மையைச் சொல்லாமலே பொய்யைக் கூண்டேற்றுவார். நீதிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ஆகவே வக்கீல் தனிமையில் எத்தனை வற்புறுத்தித் தடுக்க முடியுமோ அத்தனையும் தடுக்க வேண்டும் என்றும், அதற்கும் கட்சிக்காரர் இணங்காவிடின் ரகசியத்தைக் காத்து வழக்கை நடத்த வேண்டும் என்றும் அவர் முடிவு செய்தார்.

ஒழுங்கு நடவடிக்கை

இந்த அபிப்பிராயங்களைக் கேட்டு வாஷிங்டனின் நீதிபதிகள் சிலர் வெகுண்டனர். அப்போது அந்நகரின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த வாரன் பர்கர் உள்ளிட்ட அவர்கள், ஃபிரீட்மனின் சன்னதைப் பறிக்கக் கோரி வக்கீல் ஒழுங்குக் குழுவிடம் பிராது கொடுத்தனர். எந்தக் கட்சிக்காரரையும் ஏமாற்றாத, எந்த நீதிமன்றத்திலும் பொய்யுரைக்காத ஒருவர், ஒரு சபையில் தம் கருத்தைச் சொன்னதற்காகத் தொழிலையே இழக்கும் அபாயத்தில் மாதக்கணக்கில் நின்றார். இறுதியில் பிராது தள்ளுபடியாயிற்று. ஒழுங்கு விதிகள் வக்கீலின் நடத்தையை விசாரிப்பதற்கே உரியவை. அவ்விதிகளைப் பற்றி வக்கீல் சிந்திப்பதைத் தண்டிப்பதற்கல்ல என்பதை இந்நிகழ்ச்சி நிலைநாட்டிற்று.

நூல்களும் கருத்துகளும்

1975இல் வெளிவந்த இவருடைய நூல், கட்சி எதிர்க்கட்சியாக வழக்காடும் முறையில் வக்கீல்களின் தர்மத்தை விரிவாக ஆராய்ந்தது. அதில் அவர் எடுத்துக்கொண்ட சம்பவங்களுள் ஒன்று நாட்டையே உலுக்கியது. 1973இல் நியூயார்க்கில் ராபர்ட் கேரோ என்ற கொலைகாரனின் வக்கீல்களான ஃபிராங்க் ஆர்மானியும் ஃபிரான்சிஸ் பெல்ஜும், அவன் கொன்று மறைத்த இரு பெண்களின் உடல்கள் கிடந்த இடங்களை அவன் வாயாலேயே அறிந்து, நேரிலும் சென்று கண்டு, பெற்றோர் தேடி அலைந்த காலம் முழுவதும் வாய் திறவாதிருந்தனர். பொதுமக்களின் சீற்றம் அவ்விருவர்மீதும் திரும்பியபோது, அவர்கள் செய்தது கொடுமையன்று, கடமையே என்று ஃபிரீட்மன் எழுதினார். பெல்ஜ்மீது தொடரப்பட்ட குற்றச்சாட்டையும் நீதிமன்றம் 1975இல் தள்ளியது.

பிராசிகியூஷன் வக்கீல்களின் ஒழுக்கத்தைப் பற்றியும் அவர் கண்டிப்பாக எழுதினார். விளம்பரம் செய்வதும் கட்சிக்காரரைத் தேடிப் போவதும் வக்கீலுக்கு இழிவென்று கருதப்பட்ட நாளில், தம் உரிமையை அறியாத ஏழைக்கு அவை உதவும் என்று வாதாடினார். வக்கீல்கள் விளம்பரம் செய்வதை முற்றாகத் தடுக்கலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. ஹார்ப்பர் லீயின் நாவலில் வரும் அட்டிகஸ் ஃபிஞ்ச் என்ற இலட்சிய வக்கீலையும் அவர் 1992இல் விமர்சித்தார். நீதிமன்றம் நியமித்ததால் ஒரு கறுப்பருக்காக வாதாடிய ஃபிஞ்ச், தம் ஊரில் வேரூன்றியிருந்த நிறவெறி ஏற்பாட்டை எதிர்த்துத் தாமாக ஒன்றும் செய்யவில்லையே என்று அவர் கேட்டது வக்கீல்களிடையே பெரும் கொந்தளிப்பை விளைவித்தது.

மறுப்பும் தாக்கமும்

அவருடைய சித்தாந்தம் விதிப்புத்தகத்தில் முழு வெற்றி பெறவில்லை. அமெரிக்க வக்கீல் சங்கம் 1983இல் வகுத்த மாதிரி விதிகள், கட்சிக்காரரின் பொய்ச்சாட்சியத்தைத் திருத்த வேறு வழியில்லையேல் வக்கீல் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தே தீர வேண்டும் என்றன. 1986இல் அயோவா மாநிலத்து வைட்சைட் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்ற வைட்சைட், இறந்தவர் கையில் துப்பாக்கியைக் கண்ணால் காணவில்லை என்று முதலில் வக்கீலிடம் சொன்னவர். விசாரணை நெருங்கியதும், உலோகம்போல் ஏதோ கண்டதாகச் சொல்ல விரும்பினார். அப்படிச் சொன்னால் நீதிமன்றத்திடம் தெரிவிப்பேன் என்று வக்கீல் எச்சரித்துத் தடுத்தது, வக்கீலின் உதவி பெறும் உரிமையை மீறியதாகாது என்று நீதிபதிகள் அனைவரும் முடிவு செய்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், அதற்குள் தலைமை நீதிபதியாகிவிட்ட அதே வாரன் பர்கர்.

ஆயினும் ஃபிரீட்மன் முதலில் பேசிய வாஷிங்டன் நகரின் விதிகள் இன்றும் மாதிரி விதிகளோடு உடன்படவில்லை. தடுத்தும் கேளாத கட்சிக்காரரை, வக்கீல் கேள்வி கேட்காமல், தம் கதையைத் தாமே சொல்லவிட அவை அனுமதிக்கின்றன. இந்த நடுவழியை ஃபிரீட்மன் ஏற்கவில்லை. வக்கீல் திடீரென மௌனமாவதே நீதிபதிக்குக் கட்சிக்காரரைக் காட்டிக்கொடுப்பதாகும் என்றார்.

மறைவு

ஃபிரீட்மன் 2015 பிப்ரவரி 26ஆம் தேதி, தமது 86ஆம் வயதில் காலமானார். அவருடைய இரண்டாவது விடையை அமெரிக்க வக்கீல் சங்கத்தின் மாதிரி விதிகள் ஏற்கவில்லை. ஆனால் ரகசியமும் உண்மையும் மோதும் இடத்தில் வக்கீல் என்ன செய்ய வேண்டும் என்பதை, அவர் எழுப்பிய வினாக்களைத் தவிர்த்துவிட்டு எவரும் விவாதிப்பதில்லை.