கேட்ட கேள்வியும் கிடைத்த இழப்பீடும்

சோதனை தவறியதால் குறைபாட்டுடன் குழந்தை பிறந்தது என்று தாய் தொடுக்கும் வழக்கில் சிக்கல் தொடங்குவது அலட்சியம் நிறுவப்பட்ட பிறகுதான். நோயை மருத்துவர் உண்டாக்கவில்லை. எனவே, உண்மை தெரிந்திருந்தால் கருவைக் கலைத்திருப்பேன் என்பதைத் தாய் மெய்ப்பிக்க வேண்டும். நடக்காத ஒன்றைப் பற்றி, எல்லாம் முடிந்தபின் சொல்லப்படும் சாட்சியத்தை நீதிமன்றம் எளிதில் நம்பாது. தவறு நேர்வதற்கு முன்பே அவள் சொன்னதும் செய்ததும் பதிவாகியிருந்தால் அந்த ஐயம் தீரும். ஆனால் அதே பதிவு இழப்பீட்டின் எல்லையையும் குறுக்கிவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 18 அன்று தீர்த்த வழக்கைப் பார்ப்போம் ([2021] யுகேஎஸ்சி 21). உறவில் ஒரு குழந்தைக்கு ஹீமோஃபிலியா என்ற இரத்தம் உறையாமை நோய் இருப்பதை அறிந்த பெண், அதற்கான மரபணு தன்னிடமும் உண்டா என்று கேட்டு 2006-இல் மருத்துவரிடம் போனார். செய்யப்பட்டதோ சாதாரண இரத்தச் சோதனை. அவருக்கு நோய் உண்டா என்பதை அது காட்டும். மரபணுவைச் சுமக்கிறாரா என்பதைக் காட்டாது. முடிவு இயல்பு என்றார்கள். 2011-இல் பிறந்த மகனுக்கு ஹீமோஃபிலியா. பின்னர் ஆட்டிசமும் கண்டறியப்பட்டது.

சரியாகச் சொல்லியிருந்தால் கருவைச் சோதித்துக் கலைத்திருப்பார் என்பதில் தகராறே எழவில்லை. அவர் மருத்துவரைத் தேடிப் போன நோக்கமே சான்றாக நின்றது. ஹீமோஃபிலியாவுக்கு மட்டும் 14 இலட்சம் பவுண்டு, ஆட்டிசத்தையும் சேர்த்தால் 90 இலட்சம் என்று இரு தரப்பும் தொகையை ஒப்புக்கொண்டன. விசாரணை நீதிமன்றம் முழுத் தொகையையும் தந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 14 இலட்சமாகக் குறைக்க, உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பை ஒருமனதாக உறுதிசெய்தது.

காரணத் தொடர்பு அறுந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. தவறு நேராவிட்டால் அக்குழந்தையே பிறந்திராது. ஆகவே ஆட்டிசச் செலவும் வந்திராது. மருத்துவரின் கடமை எந்த இடரைப் பற்றியது என்பதே தனிக் கேள்வி. முழங்கால் உறுதியாக இருக்கிறது என்று தவறாகச் சொன்ன மருத்துவர், முழங்காலுக்குச் சம்பந்தமில்லாத மலையேற்ற விபத்துக்குப் பொறுப்பாகமாட்டார் என்று நீதிபதி ஹாஃப்மன் பிரபு 1996-இல் காட்டிய உதாரணம் இங்கே தீர்ப்புக்கு வழிகாட்டியது.

தர்க்கம் சரியே. ஆயினும் தெளிவாகக் கேட்டவருக்கு அந்தத் தெளிவே வேலியானது. ஒப்பிட, குழந்தையே வேண்டாம் என்று செய்த கருத்தடை அறுவைச் சிகிச்சை தவறிக் குறைபாட்டுடன் குழந்தை பிறந்தால், அக்குறைபாட்டின் கூடுதல் செலவு தாய்க்குக் கிடைக்கும் என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் தீர்த்தது. அங்கே கடமை பிறப்பையே தடுப்பது. இங்கே ஒரு நோயைப் பற்றிய தகவல் தருவது.

கடினமான வழக்கு இனிமேல்தான் வரும். 20-ஆம் வார ஸ்கேனில் யாரும் எதையும் குறிப்பாகக் கேட்பதில்லை. எதைத் தேடுவது என்பதை மருத்துவ நிறுவனமே வகுக்கிறது. தாய் அச்சிட்ட தாளைப் பெற்றுக்கொண்டு படுக்கிறாள். அந்தத் தாளைத் தாயின் நோக்கமாகப் படிப்பது பிழை. கேள்வியை எழுதியது நிறுவனமே என்றால், அக்கேள்வியின் மங்கலால் வரும் நட்டமும் நிறுவனத்தையே சேர வேண்டும்.