இராமநாதபுரம் மாவட்ட நெசவும் மின்சாரமும்

இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. அதன் மேற்கில் இருந்த இராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கினார். கிழக்கே பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் சௌராஷ்டிர நெசவாளர்கள் கைத்தறியைக் கைவிடவில்லை. 1985இல் மாவட்டம் மூன்றானபோது ஆலைகள் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குப் போயின. தறிகள் இராமநாதபுரத்தில் தங்கின.

ஆலையூர்களில் நூற்புக் கதிர்கள் பெருகப் பெருக வேலையும் வருமானமும் மின்செலவும் சேர்ந்தே ஏறின. நடுத்தர நம்பர் நூல் ஒரு கிலோ நூற்கச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். நிலக்கரியையே பெரிதும் நம்பியுள்ள இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. தறி காலால் மிதித்து ஓடினாலும் பாவும் ஊடையும் ஆலை நூல்தான். ஆகவே கைத்தறிச் சேலைக்குக் கார்பன் கணக்கே இல்லை என்பது விளம்பரப் பேச்சு. குறைவு என்பதே சரி. நெசவாளரின் கூலியும் குறைவு என்பதை இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாயமேற்ற மின்சாரத்தைவிட வெப்பமே அதிகம் தேவை. கொதிகலன்களில் விறகும் நிலக்கரியும் எரிகின்றன. மாவட்டமெங்கும் மண்டிய சீமைக் கருவேலம் விறகாகவும் கரியாகவும் வெளியூர்களுக்கு லாரி ஏறுகிறது. வெட்டினால் மீண்டும் தழைக்கும் மரமாதலால் அதன் புகையை நிலக்கரிப் புகையோடு ஒன்றாக எண்ணக் கூடாது.

மின்கட்டணமும் மின்வெட்டும் நெருக்கியதால் தமிழக நூற்பாலைகள் சொந்தமாகக் காற்றாலைகள் நிறுவின. ஆலை வளர்ந்தால் புகையும் வளரும் என்ற கணக்கு அங்கேதான் முதலில் தளர்ந்தது. சூழல் அக்கறையைவிடச் செலவுக் கணக்கே அதற்குக் காரணம். காற்று வீசும் பருவம் மே முதல் செப்டம்பர் வரைதான். மற்ற மாதங்களில் பெரும்பாலும் மின்தொகுப்பே கதி.

இராமநாதபுரமோ மின்சாரம் விளையும் மாவட்டமாயிற்று. உள்ளூர் இயற்கை எரிவாயுவில் இயங்கும் வழுதூர் நிலையத்தின் முதல் கட்டம் 2003இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஒரு யூனிட்டுக்கு அதன் உமிழ்வு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி. 2016இல் கமுதி அருகே சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அப்போது உலகிலேயே பெரியது அதுதான். அந்த மின்சாரம் உயரழுத்தத் தொகுப்பில் கலந்து மாநிலமெங்கும் செல்கிறது. ஆலைகளும் அவற்றின் வேலைகளும் அதைத் தேடிக் கமுதிக்கு வரவில்லை.

தறிகளின் மின்செலவிலோ அரசு கைகொடுக்கிறது: 2023 முதல் தமிழக அரசு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவசமாக வழங்குகிறது.