‘பொறுமையோடே’ ஓடுவது எப்படி? தமிழ் வேதாகமத்தில் ஒரு சொல்லின் தடம்

எபிரெயர் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத் தொடக்கத்தைப் பழைய திருப்புதலில் வாசிக்கும்போது தமிழ்க் காது ஒரு நொடி தடுக்கி நிற்கும். ஓட்டப் பந்தயத்தில் ஓடச் சொல்கிறது வசனம். எப்படி ஓடுவது என்றால் ‘பொறுமையோடே’ என்கிறது. பொறுமையாக நடக்கலாம், உட்காரலாம், வரிசையில் நிற்கலாம். பொறுமையாக ஓடுகிறவன் கடைசியில்தான் வருவான். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே இடத்தில் ‘மன உறுதியோடு’ என்று எழுதி இந்தத் தடுக்கலை நீக்கிவிட்டது. நீக்கியது சரிதானா என்பதே என் கேள்வி.

சரி என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான வாதத்தை முன்வைத்தவர் எனக்குப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும். அச்சேறாத தட்டச்சுக் குறிப்புகளாகவே அவர் வாதம் மாணவர்கள் கையில் சுற்றியது. அதன் சாரம் இது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘ஹுப்பொமொனே’. ‘கீழே’ என்ற முன்னொட்டும் ‘தங்கியிரு’ என்ற வினையும் சேர்ந்தது. நெருக்கடியின் கீழிருந்து விலகாமல் நிற்பது. போர்க்களத்தில் இடம் பெயராத வீரனுக்குப் பொருந்தும் சொல். இதை லத்தீன் ‘பாத்தியென்சியா’ ஆக்கியது, லூத்தர் ‘கெடுல்ட்’ ஆக்கினார், 1611-இன் ஜேம்ஸ் மன்னர் திருப்புதல் ‘பேஷன்ஸ்’ ஆக்கியது. தரங்கம்பாடியிலும் வேப்பேரியிலும் உட்கார்ந்து மொழிபெயர்த்த சீகன்பால்குவும் பப்ரிசியசும் ஜெர்மானியர். தாய்மொழி வேதாகமத்தின் ‘கெடுல்ட்’ அவர்கள் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆகவே தமிழில் ‘பொறுமை’ வந்தது. வந்ததால் என்ன ஆயிற்று? எதிர்த்து நிற்பதற்கான சொல் அடங்கிப்போவதற்கான சொல்லாயிற்று. கூலிக்காரனிடம் போதகர் ‘பொறுமையாயிரு’ என்றார். மருமகளிடம் மாமியார் அதே வசனத்தைச் சொன்னார். விசுவாசம், கீழ்ப்படிதல், பொறுமை மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகளாயின.

கடைசிப் பகுதியை நான் மறுக்கவில்லை. ‘பொறுமையாயிரு’ என்ற அறிவுரை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கவனித்தவர்கள் அவர் கோபத்தைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு சொல் தவறாகப் பயன்பட்டது என்பதிலிருந்து அது தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று முடிவு கட்ட முடியாது. பேராசிரியர் அந்த இடைவெளியை ஒரே தாவலில் கடந்தார் என்பதுதான் என் குறை.

ஹுப்பொமொனே என்ற பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் 32 இடங்களில் வருகிறது. போவர் ஐயர் குழுவின் 1871 பதிப்பின் வழிவந்ததும் இன்றும் வீடுகளில் இருப்பதுமான பழைய திருப்புதலில் அந்த 32-ஐயும் ஒப்பிட்டுப் பார்த்தேன். என் கணக்கில் 30 இடங்களில் ‘பொறுமை’ ஏதோ ஓர் உருவில் இருக்கிறது. வினைச்சொல்லின் கதை வேறு. மத்தேயு 24:13-இல் அதே வேரின் வினை ‘நிலைநிற்பவன்’ ஆகிறது. யாக்கோபு 1:12-இல் ‘சகிக்கிற’ ஆகிறது. எபிரெயர் 12:2-இல் சிலுவையை அவர் ‘சகித்து’ என்று வருகிறது. ஆக, நிலைநிற்றல் என்ற சொல் மொழிபெயர்த்தவர்களுக்குத் தெரியாததல்ல. கையில் வைத்துக்கொண்டே பெயர்ச்சொல்லுக்கு அதை எடுக்கவில்லை.

எஞ்சிய இரண்டு இடங்களில் ஒன்று 2 கொரிந்தியர் 1:6, அங்கே ‘சகிக்கிறதினாலே’. மற்றொன்றில்தான் நான் பல மாதம் நின்றுவிட்டேன். ரோமர் 2:7. கிரேக்கத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நற்செயலின் பொறுமைப்படி’ என்று வரும். லூத்தர் இங்கும் ‘கெடுல்ட்’ என்றே எழுதினார், லத்தீனிலும் பாத்தியென்சியாதான். தமிழ் மட்டும் பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு ‘சோர்ந்துபோகாமல்’ என்ற எதிர்மறை வினையெச்சத்துக்குப் போகிறது. வேலை செய்கிறவன் கை ஓய்வதைப் பற்றிய சொல் அது. களையெடுக்கிறவள் மத்தியானத்துக்கு மேல் சோர்ந்துபோவாள், துடுப்புப் போடுகிறவன் சோர்ந்துபோவான். நன்மை செய்வதும் அப்படி உடம்பைத் தேய்க்கிற வேலைதான் என்று இந்த மொழிபெயர்ப்பு புரிந்துகொண்டிருக்கிறது. பேராசிரியரின் தட்டச்சுக் குறிப்பில் 32 இடங்களும் பட்டியலிடப்பட்டிருந்தன. இந்த ஒன்றுக்கு எதிரே மட்டும் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. விளக்கம் எதுவும் இல்லை.

லூத்தரை அப்படியே பின்பற்றியவர்கள் இங்கே ஏன் விலகினார்கள்? என் விடை: அவர்கள் வெறுமனே பின்பற்றவில்லை. கிரேக்கச் சொல்லுக்குள் ‘ஓயாமை’ இருப்பதை அறிந்திருந்தார்கள். வேலையோடு சேர்ந்து அச்சொல் வரும் இடத்தில் தமிழில் ‘பொறுமை’ நொண்டும் என்பதும் தெரிந்து மாற்றினார்கள்.

இதற்கு எதிரான சான்றையும் நானே வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வேறு யாராவது வைப்பார்கள். ஜேம்ஸ் மன்னர் திருப்புதல் 29 இடங்களில் ‘பேஷன்ஸ்’ என்று எழுதி மூன்று இடங்களில் மட்டும் விலகுகிறது. அந்த மூன்றில் இரண்டு ரோமர் 2:7-உம் 2 கொரிந்தியர் 1:6-உம். தமிழ் விலகும் அதே இரண்டு! தற்செயல் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுத் திருத்தக் குழுவினர் மேசையில் ஆங்கில வேதாகமம் திறந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் தேவையில்லை. ஆனால் மூன்றாவது இடத்தைப் பாருங்கள். 2 தெசலோனிக்கேயர் 3:5-இல் ஆங்கிலம் கிறிஸ்துவுக்காகப் பொறுமையோடு காத்திருத்தல் என்று விரிக்கிறது. தமிழ் ‘கிறிஸ்துவின் பொறுமை’ என்று மூலத்தின் சுருக்கத்தோடு நிற்கிறது. லூத்தரும் அங்கே அப்படித்தான். எனவே ஒரு கண் ஜெர்மனிலும் ஒரு கண் ஆங்கிலத்திலும் இருந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். சொல்லட்டும். இரண்டிலிருந்தும் இடத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தவர்கள் ஏதோ ஓர் அளவுகோலை வைத்துத்தான் தேர்ந்திருக்க வேண்டும். அது கிரேக்கம்தான் என்பது என் துணிபு. சான்று மெலிந்த இடம் இது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்.

யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எனக்குக் கொஞ்சம் உறுதியான தரை கிடைக்கிறது. அங்கே கிரேக்கம் இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைக்கிறது. ஏழாம் வசனத்திலிருந்து பத்தாம் வசனம் வரை ‘மக்ரோதூமியா’. சினம் மூள நெடுநேரமாகும் மனம், நீண்ட மூச்சு. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுகிறவனுக்கு அந்தச் சொல். பதினோராம் வசனத்தில் யோபு வந்ததும் ஹுப்பொமொனே. ஜேம்ஸ் மன்னர் திருப்புதலில் தீர்க்கதரிசிகளுக்கும் யோபுவுக்கும் ஒரே ‘பேஷன்ஸ்’. வாசிப்பவனுக்கு இரண்டு சொல் இருந்ததே தெரியாது. தமிழ் வேதாகமத்தில் விவசாயிக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் ‘நீடிய பொறுமை’, யோபுவுக்கு வெறும் ‘பொறுமை’. ஓர் அடைமொழியை வைத்துக் கோடு கிழித்திருக்கிறார்கள். இந்தக் கோடு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. கொலோசெயர் 1:11-இல் மக்ரோதூமியா ‘நீடிய சாந்தம்’ ஆகிவிடுகிறது. ஆனால் அங்கும் ஹுப்பொமொனேயோடு கலக்கவிடவில்லை. ஆங்கிலத்தை நகலெடுத்த கை இந்த வேறுபாட்டை எங்கிருந்து பெற்றிருக்கும்?

இனி ‘பொறுமை’ என்ற சொல்லுக்கே வருவோம். இன்று ‘கொஞ்சம் பொறு’ என்றால் காத்திரு என்று பொருள். யாழ்ப்பாணத்தில் ‘பொறுங்கோ’ என்பதும் அதுவே. பேராசிரியர் கேட்டது இந்தப் பொருளைத்தான். ஆனால் பொறுத்தல் என்பது தாங்குதல், சுமத்தல். பொறை என்றால் சுமை. பொறுப்பு என்பது ஒருவன் தோளில் ஏறியது. பொறாமை என்பது பிறன் ஆக்கத்தைத் தாங்க முடியாமை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் பார்த்த தச்சர், நடுவிட்டத்தை உளியின் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “இது இன்னொரு மழைக்கு ஓட்டைப் பொறுக்காது” என்றார். விட்டம் எதற்கும் காத்திருப்பதில்லை. பாரத்தின் கீழ் நிற்கிறது. ‘கீழே தங்கியிருத்தல்’ என்ற கிரேக்கக் கூட்டுச்சொல்லுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

குறளை இங்கே துணைக்கு அழைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பொறையுடைமை அதிகாரம் தன்னை அகழ்வாரையே தாங்கும் நிலத்தோடுதான் தொடங்குகிறது. ஆனால் அந்தப் பத்துக் குறளும் பெரும்பாலும் பிறர் செய்த தீங்கைப் பொறுப்பதைப் பற்றியவை. கிரேக்கத்தில் வைத்தால் மக்ரோதூமியாவின் பக்கம் போகும். ஹுப்பொமொனேக்கு இணை தேடினால் 63-ஆம் அதிகாரமான இடுக்கண் அழியாமையில்தான் தேட வேண்டும். ஆகவே குறள் என் வாதத்துக்கு அரைத்துணைதான்.

இன்னொன்று. காத்திருத்தல் என்ற பொருள் மூலச் சொல்லுக்கு முற்றிலும் அந்நியம் என்று பேராசிரியர் சொன்னதும் மிகை. எபிரேய மறைநூலின் கிரேக்கப் பெயர்ப்பான செப்துவசிந்தாவில் எரேமியா 14:8 கடவுளையே இஸ்ரவேலின் ஹுப்பொமொனே என்று அழைக்கிறது. எபிரேயத்தில் அங்கே உள்ளது நம்பிக்கையைக் குறிக்கும் சொல். போர்வீரனின் நிலையை மட்டும் பார்த்தவர் இந்தக் கிளையை விட்டுவிட்டார்.

என் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது; அதை அடைக்க என்னால் முழுதாக முடியவில்லை. பொறுமை என்றால் பாரம் தாங்குதல் என்றேன். ஆனால் எபிரெயர் 12:1 பாரமான யாவற்றையும் தள்ளிவிட்டு ஓடச் சொல்கிறது. பாரத்தை இறக்கிவிட்டுப் பாரம் தாங்கி ஓடுவதா? அடுத்த வசனத்தில் சிலுவையைச் சகித்த இயேசு வருகிறார். வினை அதே வேர். ஓட்டக்காரன் இறக்கவேண்டிய பாரம் ஒன்று, இறக்கக்கூடாத பாரம் ஒன்று என்று நிருபத்தின் ஆசிரியர் கருதியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளர்களும் அப்படிக் கருதினார்களா என்று கேட்டால், அங்கே அவர்கள் பழக்கப்பட்ட சொல்லையே போட்டுவிட்டுப் போயிருக்கவும் கூடும். ரோமர் 2:7-இல் காட்டிய விழிப்பு எபிரெயரில் இல்லை.

கீழ்ப்படிதலையும் ஒரு வார்த்தை தொட வேண்டும், ஏனென்றால் பேராசிரியர் அதைப் பொறுமையோடு ஒரே கட்டாகக் கட்டினார். ‘ஹுபாக்கோவே’ என்ற கிரேக்கச் சொல்லிலும் அதே ‘கீழே’ இருக்கிறது. கூட இருப்பது ‘கேள்’. தமிழ்ச் சொல் கீழை வைத்துக்கொண்டு கேளை இழந்துவிட்டது. இத்தனைக்கும் ‘சொன்னபடி கேட்கிற பிள்ளை’ என்பது நம் அன்றாடப் பேச்சு. கேட்பதும் பணிவதும் ஒரே வினையாக இருக்கும் மொழி இது. இங்கே இழப்பு உண்மையானது, பேராசிரியரின் கோபம் இங்கே திரும்பியிருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன். திருவிவிலியமும் எபேசியர் 6:1-இல் ‘கீழ்ப்படி’யையே தொடர்கிறது. பொறுமையை மாற்றியவர்கள் இதைத் தொடவில்லை.

‘மன உறுதி’ நல்ல தமிழ்தான், வாசிக்கத் தடுக்கவில்லை. என் மறுப்பு ‘மன’ என்ற அடைமொழிக்கு. அது சொல்லை உடம்பிலிருந்து பிரித்து உள்ளத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறது. ரோமர் 5-இன் சங்கிலியில் துன்பத்திலிருந்து மன உறுதி பிறப்பதாகப் படிக்கும்போது அது ஒரு குணநலனாகத் தெரிகிறது. பழைய திருப்புதலில் உபத்திரவத்திலிருந்து பொறுமை பிறக்கிறது: பாரம் ஏற ஏறத் தோள் பழகுகிறது. இன்றைய வாசகர் காதில் அது விழாது என்பது உண்மை. பேராசிரியரின் கோபமும் அந்தக் காதிலிருந்தே வந்தது.

தாங்குதல் என்ற பொருள் பின்னுக்குப் போய்க் காத்திருத்தல் முன்னுக்கு வந்தது எப்போது? வேதாகமத்தை வைத்து மட்டும் இதற்கு ஆண்டு சொல்ல முடியாது. சீகன்பால்குவின் 1714–15, பப்ரிசியசின் 1772, ரேனியசின் 1833, பெர்சிவலின் 1850, போவரின் 1871 என்று ஐந்து படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ரோமர் 2:7-ஐயும் யாக்கோபு 5:7–11-ஐயும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்க வேண்டும். ‘சோர்ந்துபோகாமல்’ 1850-க்குப் பிறகு மட்டுமே தலைகாட்டினால் ஆங்கில மேசையின் பக்கம் தராசு சாயும்; பேராசிரியருக்கு நான் பாதி வாதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். பப்ரிசியசிடமே இருந்தால் ஜேம்ஸ் மன்னரோடு உள்ள ஒற்றுமைக்கு வேறு காரணம் தேட வேண்டும். ‘நீடிய’ என்ற அடைமொழியின் வயது இதிலிருந்து தனிக் கேள்வி. இரண்டும் ஒரே கையால் வந்தவை என்று கொள்வதற்கு இப்போதைக்கு எந்த ஆதாரமும் இல்லை.